குமாசியில் வாங்கிய பித்தளைப் பறவை: எடைக்கல்லா, பொம்மையா?

முகில் (சனி, இரவு 9.40)

வணக்கம் மக்களே. கானாவில் டெமா துறைமுகப் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்ததால் குமாசி போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் மரப் பொம்மைகளுக்கும் மணிமாலைகளுக்கும் நடுவே ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னப் பித்தளை உருப்படிகள். ஆமை, முதலை, கேடயம், வாள், உட்கார்ந்து மேளம் அடிக்கிற ஆள், எல்லாமே கட்டைவிரல் அளவுதான். அதில் ஒரு பறவையைப் பொறுக்கினேன். நாலு சென்டிமீட்டர் உயரம். கழுத்தை முதுகுப் பக்கம் முழுசாகத் திருப்பி, அலகால் வால் இறகைத் தொடுகிறது.

கடைக்காரர் "சங்கோஃபா, தங்கம் நிறுக்கிற கல், இருநூறு வருடப் பழசு" என்றார். 600 செடி சொன்னார், 350-க்கு முடித்தேன். (இங்கே காசுக்குப் பெயர் செடி. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.)

பித்தளை கறுத்திருக்கிறது, இறகு மடிப்புகளில் பச்சைக் களிம்பு. அடியில் ஒரு ஓரத்தில் அரம் போட்டு ராவின தடம் இருக்கிறது. இதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? பழசுதானா? ஊருக்கு எடுத்து வந்தால் விமான நிலையத்தில் பிரச்சினை வருமா?

சந்தேகப்பிராணி (சனி, இரவு 9.52)

இருநூறு வருடப் பழசு இல்லை என்று சொல்லும் கடைக்காரரை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? கும்பகோணத்துக் குத்துவிளக்கு எல்லாமே சோழர் காலம்தானே.

நூலகப்பூனை (சனி, இரவு 11.15)

முகில், நல்ல பொருளாகத்தான் கையில் எடுத்திருக்கிறீர்கள், பழசோ புதுசோ. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த எடைகள் அக்கான் மக்களுடையவை. அக்கான் என்பது ஒரே ஒரு இனத்தின் பெயரில்லை. கானாவில் அசாந்தே, ஃபாந்தே, பக்கத்து ஐவரி கோஸ்டில் பவுலே என்று உறவுமொழி பேசும் பல மக்களுக்கான பொதுப்பெயர். அவர்கள் மண்ணில் தங்கம் உண்டு. ஏறக்குறைய 1400-லிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அவர்களிடம் புழங்கிய பணம் தங்கத்தூள். நாணயம் அடிக்கவில்லை. துணி வாங்குவதோ அபராதம் கட்டுவதோ கல்யாணச் சீரோ, எதுவானாலும் தூளைத் தராசில் போட்டு நிறுத்துத்தான் கைமாறும். அப்படி நிறுப்பதற்கான பித்தளை எடைகளுக்குத்தான் அப்ராம்முவோ என்று பெயர்.

ஒரு வியாபாரி மூட்டையை அவிழ்த்தால் என்னென்ன இருக்கும் தெரியுமா? நூலில் தொங்கும் இரண்டு குட்டித் தட்டுகள் உள்ள தராசு, தூளை அள்ள ஒரு பித்தளைக் கரண்டி, சலிக்க ஒரு தட்டு, தூள் வைக்க மூடிபோட்ட சின்னப் பெட்டி, அப்புறம் எடைகள். கரண்டியின் கைப்பிடியில்கூட வேலைப்பாடு இருக்கும். பவுலே மக்கள் இந்த மூட்டையை ஜா என்பார்கள். அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் வந்த எடைகள் இதில் கிடக்கும், அதனால் இது முன்னோர் சொத்து. கண்ட இடத்தில் போடுவதில்லை.

எடைக்கணக்கு வந்த வழியும் சுவையானது. முதலில் சகாரா தாண்டி வந்த முஸ்லிம் வணிகர்களின் மிஸ்கால், அவுன்ஸ் கணக்கு. 1471-இல் போர்த்துகீசியர் கடற்கரையில் இறங்கிய பிறகு அவர்களுடைய அவுன்ஸ், பிறகு டச்சுக்காரர்களின் டிராய் அவுன்ஸ். எதையும் தூக்கி எறியவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். பழைய எடைகள் பெரும்பாலும் கட்டம், படிக்கட்டு, சுருள் போன்ற வடிவங்கள். பறவை, மிருகம், ஆள் உருவமெல்லாம் பின்னால்தான் பெருகின.

உங்கள் பறவைக்கு வருகிறேன். சங்கோஃபா என்றால் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வா. "மறந்ததைத் திரும்பிப் போய் எடுப்பது தப்பில்லை" என்பது பழமொழி. ஆனால் கழுத்து திரும்பிய பறவை எல்லாம் சங்கோஃபாவா என்றால், அங்கேதான் சிக்கல். நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

தட்டார்தெரு (ஞாயிறு, காலை 6.20)

தம்பி முகில், முதலில் அதை நிறுத்துப் பாருங்கள். எடைக்கல்லென்று சொல்கிறார்கள், எடை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லையே! எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நகை வேலை. அடியில் ராவியிருக்கிறது என்றீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணம்தான். எடை கூடிப்போனதைக் குறைக்க ராவியிருக்கலாம், இல்லை வார்ப்புக் காம்பை (உலோகம் அச்சுக்குள் இறங்கிய வழியில் உறைந்து நிற்கும் துண்டு) வெட்டிய இடமாக இருக்கலாம்.

பூனையாருக்கு ஒரு கேள்வி. நாணயமில்லாத ஊரில் ரொம்பச் சின்ன எடைக்கு என்ன செய்தார்கள்? பித்தளையில் அரிசி அளவுக்கு வார்ப்பது சுலபமில்லை. எங்கள் அப்பா காலத்தில் குண்டுமணியைத்தான் போடுவோம்.

நூலகப்பூனை (ஞாயிறு, காலை 10.05)

ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. அவர்களும் குண்டுமணிதான் போட்டார்கள்!

கதை விடவில்லை. சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு, அதே கொடி, அதே விதை. அவர்கள் மொழியில் டாம்மா. எடை வரிசையின் கீழ்ப்படிகளில் அதுவும் ஒன்று. டாக்கு என்று இன்னொரு விதையும் உண்டு. மேல்படியில் பெரெட்வான் என்று ஒன்று, அது இரண்டேகால் அவுன்ஸ் அளவுக்கு வரும். அதாவது சுமார் 70 கிராம்.

எடை கூடினால் ராவுவது, குறைந்தால் அடியில் ஈயம் வைப்பது, பித்தளைக் கம்பியைச் சுற்றுவது எல்லாம் அங்கேயும் உண்டு. கால் வெட்டப்பட்ட மிருகங்களைக்கூட அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். உருவத்தைவிட நிறைதான் முக்கியம்.

இன்னொன்று. வாங்குபவர், விற்பவர் இருவரும் அவரவர் எடையால் நிறுப்பார்கள். ஒத்துவராவிட்டால் பேச்சு, பிறகு மறுபடி நிறுப்பு. 1817-இல் அசாந்தே தலைநகரான குமாசிக்குத் தூது போன பௌடிச் என்ற ஆங்கிலேயர் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அரசரின் எடைகள் ஊர் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கனமாம். அரண்மனைச் சாப்பாட்டுச் செலவுக்குத் தங்கத்தை அரசர் எடையில் நிறுத்து வாங்குவார்கள், சந்தையில் ஊர் எடையில் கொடுப்பார்கள். மிச்சம் சமையல்காரருக்கும் அரண்மனை அதிகாரிகளுக்கும்.

சந்தேகப்பிராணி (ஞாயிறு, காலை 10.11)

ஆக, கான்டீன் கான்ட்ராக்ட் அப்போதே இருந்திருக்கிறது.

தட்டார்தெரு (ஞாயிறு, காலை 10.30)

குண்டுமணியா! நம்பவே முடியவில்லை. "வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை" என்று என் அம்மா சொல்லாத நாளில்லை.

மீனா (ஞாயிறு, மதியம் 1.48)

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஆப்பிரிக்கக் கலை பற்றி ஒரு அட்டவணை தயார் செய்தேன். இணையத்தில் கிடைத்ததுதான். சங்கோஃபா: கடந்த காலத்திலிருந்து கற்பது. ஒரு வயிற்றை ஒட்டிய இரண்டு முதலைகள்: ஒற்றுமை. முள்ளம்பன்றி: வீரம். சிறுத்தை: மாறாத குணம். இப்படி முப்பது உருவம், முப்பது அர்த்தம். இது சரிதானே? அப்புறம், தட்டையான வட்டத்தலை வைத்த மரப் பொம்மை ஒன்றும் படத்தில் இருந்தது. "கருவளக் கடவுள்" என்று போட்டிருக்கிறார்கள்.

நூலகப்பூனை (ஞாயிறு, மாலை 4.32)

மீனா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அட்டவணையில் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அட்டவணையாகப் போட்டதுதான் தப்பு.

கழுத்து திரும்பிய பறவை எல்லாம் சங்கோஃபாவா என்று நேற்று நிறுத்தியதும் இதனால்தான், உருவத்துக்கு ஒரே அர்த்தம் என்று கிடையாது. முதலையையே எடுங்கள். இரண்டு முதலைக்கு வயிறு ஒன்று. எவன் விழுங்கினாலும் போவது அதே வயிற்றுக்கு. இருந்தும் தொண்டையில் இறங்கும் ருசிக்காக இரண்டும் அடித்துக்கொள்கின்றன. இதைப் பங்காளிச் சண்டையில் காட்டினால் திட்டு. ஊர்க்கூட்டத்தில் காட்டினால் சமாதானம். "ஒற்றுமை" என்ற ஒரு சொல்லில் அடைத்தால் அந்தச் சண்டை எங்கே போயிற்று? முள்ளம்பன்றியும் அப்படித்தான். அது அசாந்தே படையின் அடையாளம். "ஆயிரம் பேரைக் கொன்றால் ஆயிரம் பேர் வருவார்கள்", முள் விழ விழ முளைக்கிற மாதிரி. எதிரிக்கு அது மிரட்டல், சொந்தப் படைக்குத் தெம்பு. சிறுத்தைக்கு உள்ள பழமொழி, மழை அதன் புள்ளியை நனைக்கும், ஆனால் கழுவிப் போடாது என்பது. அது பாராட்டா பழிப்பா என்பது யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

"புத்திசாலியிடம் பழமொழியில் பேசு, விளக்கிக்கொண்டிருக்காதே" என்றே அவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. பேசுவது அங்கே அவ்வளவு பெரிய கலை. தலைவர் சபையில் நேரடியாகப் பேச மாட்டார். ஒச்சியாமே என்ற பேச்சாளர் மூலம்தான் பேச்சு போகும், வரும். அவர் கைக்கோலின் உச்சியில் தங்கத் தகடு போர்த்திய மரச்சிற்பம் இருக்கும். கையில் முட்டை பிடித்த உருவம் ஒன்று உண்டு. அதிகாரம் முட்டை மாதிரி, இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். இன்னொன்றில் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பாடு அதற்கு உரியவனுக்கு, பசித்தவனுக்கு அல்ல." வாரிசுத் தகராறு நடக்கும் சபையில் அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாயே திறக்க வேண்டாம், சொல்ல வந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அந்த மரப் பொம்மை கடவுள் இல்லை. பெயர் அக்குவாபா, அதாவது அக்குவாவின் பிள்ளை. பிள்ளையில்லாத அக்குவாவிடம் பூசாரி ஒரு மரப் பிள்ளை செதுக்கி முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னாராம். ஊர் சிரித்தது. "பாருடா அக்குவாவின் பிள்ளையை" என்று கேலி செய்தது. பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சிரித்தவர்களும் செதுக்கக் கொடுத்தார்கள் என்பது கதை. அகன்ற நெற்றியும் கழுத்து மடிப்பும் அழகு என்பதால் அப்படி வடிவம். பொம்மை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும், தாய்வழிச் சமூகம் அல்லவா, பெண் பிறந்தால்தான் குடும்பம் தொடரும்.

சந்தேகப்பிராணி (ஞாயிறு, மாலை 5.05)

எல்லாவற்றுக்கும் பழமொழி உண்டென்றால், வேர்க்கடலை வடிவ எடையைப் படத்தில் பார்த்தேனே, அதில் என்ன தத்துவம்? எனக்கென்னவோ வெளியூர்க்காரர் கேட்கக் கேட்கக் கடைக்காரர்கள் கட்டிய கதைதான் பாதி என்று தோன்றுகிறது.

நூலகப்பூனை (ஞாயிறு, மாலை 5.40)

பாதி என்பது அதிகம், ஆனால் திசை சரி. வேர்க்கடலை எடை வேர்க்கடலைதான்! வழக்கம்போல் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்த்ததுகூட இல்லை. நிஜக் கடலையின் மேல் களிமண் பூசிச் சுட்டால் உள்ளே கடலை எரிந்து சாம்பலாகும், அந்தப் பொந்தில் பித்தளையை ஊற்றினால் ஓட்டின் வலைக்கோடு உட்பட அப்படியே வரும். வண்டு, நண்டுக் கொடுக்கு, நத்தை ஓடு எல்லாவற்றையும் இப்படி வார்த்திருக்கிறார்கள். வார்ப்பவருக்கு அது ஒரு விளையாட்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே எடையை மீனாகவும் செய்யலாம், நாற்காலியாகவும் செய்யலாம். உருவத்தைப் பார்த்து எடை தெரியாது. எடையைப் பார்த்து அர்த்தமும் தெரியாது.

மட்டுறுத்துநர் (ஞாயிறு, மாலை 6.00)

"அசல் எடைகள் விற்பனைக்கு" என்று வந்த பதிவு நீக்கப்பட்டது. இங்கே விற்பனை வேண்டாம்.

வல்வையூரான் (ஞாயிறு, இரவு 8.14)

நான் இருப்பது லண்டனில். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆப்பிரிக்கக் கூடம் நிலவறையில் இருக்கிறது, படியிறங்கிப் போக வேண்டும். அதுவே ஒரு மாதிரியான உணர்வைத் தரும்.

எடைகளை வியாபாரிகள் விற்றார்கள், சரி. ஆனால் அசாந்தே அரண்மனைத் தங்கம் அப்படிப் போனதில்லை. 1874-இல் வுல்ஸ்லி தலைமையில் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடி ஊரைக் கொளுத்தியது. எடுத்த நகைகள் அதே ஆண்டு லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டன. போதாததற்கு 50,000 அவுன்ஸ் தங்கம் தண்டம் என்று ஃபோமெனா உடன்படிக்கையில் எழுதி வாங்கினார்கள்.

2024-இல் இதில் ஒரு அசைவு நடந்தது. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபவுலர் மியூசியம் ஏழு பொருட்களை அசாந்தே மன்னரிடம் ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்தது. யானைவால் கவரி, அலங்கார நாற்காலி, தங்க நகைகள். லண்டனின் இரண்டு மியூசியங்களும் சேர்ந்து 32 பொருட்களை அனுப்பின, ஆனால் கடனாக! விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 17, பிரிட்டிஷ் மியூசியம் 15. மூன்று வருடத் தவணை. கேட்டால் 1963, 1983 சட்டங்கள் நிரந்தரமாகக் கொடுக்க விடவில்லை என்கிறார்கள். வீட்டில் புகுந்து எடுத்துப் போனவன் வந்து "மூன்று வருடம் வைத்திருந்து பத்திரமாகத் தா" என்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத நியாயம். முகில், அவை வந்து சேர்ந்தது குமாசியில் உள்ள மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குத்தான், போயிருந்தீர்களா?

தட்டார்தெரு (ஞாயிறு, இரவு 8.50)

50,000 அவுன்ஸ் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல். நம் பவுனில் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் பவுன். தலை சுற்றுகிறது.

மீனா (ஞாயிறு, இரவு 9.10)

தங்க முக்காலி ஒன்று உண்டே, அதையும் எடுத்துப் போய்விட்டார்களா?

வல்வையூரான் (ஞாயிறு, இரவு 9.33)

இல்லை, அதுமட்டும் கிடைக்கவேயில்லை. 1900-இல் ஹாட்ஜ்சன் என்ற கவர்னர் "அதைக் கொண்டு வா, நான் அதில் உட்கார வேண்டும்" என்று கேட்டார். அசாந்தே மன்னரே அதில் உட்காருவதில்லை! வானத்திலிருந்து இறங்கியது, மொத்த இனத்தின் உயிரும் அதில் இருக்கிறது என்பது நம்பிக்கை. அதற்கே ஒரு தனி ஆசனம் போட்டு அதன் மேல் வைப்பார்கள். கவர்னரின் அந்த ஒரு வாக்கியத்தில் போர் மூண்டது. நடத்தியவர் யா அசாந்தேவா என்ற எஜிசு நகரத்து அரசத்தாய். போரில் தோற்று நாடு போனது, முக்காலி கைக்குப் போகவில்லை, புதைத்து வைத்துவிட்டார்கள்.

நூலகப்பூனை (ஞாயிறு, இரவு 10.02)

சாதாரண முக்காலிக்கும் இதே மரியாதைதான். எழுந்து போகும்போது பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள், காலியாக இருந்தால் வழிப்போக்கு ஆவி எதுவும் வந்து உட்கார்ந்துவிடுமாம். நல்ல தலைவர் இறந்தால் அவர் முக்காலியைக் கரியும் முட்டையும் பூசிக் கறுப்பாக்கி, முன்னோர் அறையில் வைத்துவிடுவார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிமிர்த்தி வைத்திருக்கும் முக்காலியைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

முகில் (அடுத்த ஞாயிறு, இரவு 7.25)

ஒரு வாரம் ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். நேற்று மறுபடி குமாசி போய்விட்டேன். மான்ஹியா போனேன், அதைத் தனியாக எழுதுகிறேன். முதலில் பறவைக் கதை.

குமாசிக்குப் பக்கத்தில் குரோஃபோஃப்ரோம் என்ற ஊரில் பரம்பரையாகப் பித்தளை வார்க்கிறார்கள். என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கூட்டிப் போனார். ஒரு பெரியவர் கூரைக்கடியில் உட்கார்ந்து பலகையில் மெழுகை உருட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு பிழிந்த மாதிரி மெல்லிய மெழுகுக் கம்பி. அதைச் சுருட்டிச் சுருட்டி ஒரு ஆமை ஓட்டைச் செய்தார், மொத்தம் பத்து நிமிடம். அதன் மேல் நைசாக அரைத்த கரியைக் குழைத்துப் பூசினார். அது காய்ந்த பிறகு பனைப்பழ நார் பிசைந்த களிமண்.

எனக்குப் பிடித்தது அடுத்த வேலை. நம்மூரில் பித்தளையைத் தனியாக உருக்கி ஊற்றுவார்கள் இல்லையா, இவர் ஊற்றவே இல்லை. பித்தளைத் துண்டுகளை ஒரு களிமண் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தையே அச்சின் வாயோடு சேர்த்து ஒட்டிவிட்டார். பார்க்க மண் சுரைக்காய் மாதிரி இருந்தது. கிண்ணம் கீழே இருக்கும்படி அடுப்பில் வைத்தார். பச்சை நாக்கு மாதிரி ஒரு தீ எழும்பியதும் குறட்டால் தூக்கித் தலைகீழாக்கினார். உள்ளுக்குள்ளேயே உலோகம் அச்சுக்குள் இறங்கிவிட்டது.

பிறகு என் பறவையைக் கொடுத்தேன். புரட்டினார், ராவின இடத்தில் நகத்தால் தேய்த்தார், அடியில் மஞ்சளாக மின்னியது. சிரித்துவிட்டு மொழிபெயர்த்தவரிடம் ஏதோ சொன்னார். "இதைச் செய்தவன் எனக்குத் தெரிந்த பையன்தான்." காம்பு வெட்டிய இடம்தானாம். பச்சைக் களிம்பு ஏதோ தண்ணீரில் ஊற வைத்து வரவழைத்தது. பழசாக இருந்தால் கைபட்டுக் கைபட்டு அலகும் முதுகும் வழவழவென்று தேய்ந்திருக்கும், இதில் விளிம்பெல்லாம் கூராக நிற்கிறது. தட்டார்தெரு ஐயா கேட்ட எடை 31 கிராம் சொச்சம். அதைச் சொன்னேன். "அது எதற்கும் எடையில்லை" என்றார்.

சங்கோஃபாதானா என்று கேட்டேன். "நீ எதற்குத் திரும்பி வந்தாய்?" என்று கேட்டார். இதைச் சரிபார்க்கத்தான் என்றேன். "அப்படியானால் சங்கோஃபாதான்."

சந்தேகப்பிராணி (ஞாயிறு, இரவு 7.41)

350 செடிக்கு நல்ல வகுப்பு. நான் சொன்னேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

நூலகப்பூனை (ஞாயிறு, இரவு 7.58)

புது வார்ப்பு என்பது உறுதியானதால் விமான நிலையக் கவலை குறைந்தது. நிஜமான பழம்பொருள் என்றால் கானா அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாது. இதற்குக்கூட வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

தட்டார்தெரு (ஞாயிறு, இரவு 8.20)

தம்பி, அந்தப் பெரியவரிடம் குண்டுமணி பற்றிக் கேட்டீர்களா?

முகில் (ஞாயிறு, இரவு 8.36)

கேட்காமல் இருப்பேனா ஐயா! போனில் படம் காட்டினேன். "டாம்மா" என்று உடனே சொன்னார், கொட்டகைக்குப் பின்னால் வேலியில் படர்ந்திருந்த கொடியையும் காட்டினார். இப்போது யாரும் நிறுப்பதில்லை, மணிகோக்கத்தான் பறிக்கிறார்களாம். ஒரு பிடி பறித்துக் கொடுத்தார். டெமாவில் ஒரு நகைக்கடைத் தராசில் பத்து விதை வைத்துப் பார்த்தேன், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது.

தட்டார்தெரு (ஞாயிறு, இரவு 8.44)

எங்கள் பட்டறைக் கணக்கும் அதேதான். ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்துவிடக் கூடாது, விஷம். வரும்போது எனக்கு நாலு விதை எடுத்து வாருங்கள், இங்கே இருப்பதோடு தராசில் வைத்துப் பார்க்கலாம்.